பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றோடு பிசியோதெரபி முடிந்தது. முடிந்தது என்றால் கை குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று அர்த்தம். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இனி இப்படித்தான் – பாதி மடங்கி, மரத்துப்போய். மற்றவை அசையும். தம்ளரைப் பிடிக்கும். எதையும் இறுக்கிப் பிடிக்காது.

"சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்டேன். பயிற்சி கொடுக்கும் பெண் தயங்கினாள். "பிரேக்கை அழுத்த அந்தக் கை பத்தாதுங்க. வாக்கிங் போங்களேன்."

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். கையைக் கண்ணாடி வெட்டிய நாளிலிருந்து என் சைக்கிள் அவன் வீட்டில்தான் இருக்கிறது. கொண்டுவந்து கொடுடா என்றேன்.

"அக்கா, அத வித்துட்டேன்."

"எப்ப?"

"நீ ஆஸ்பத்திரில இருக்கும்போதே. உன் நல்லதுக்குத்தான்."

சரி என்று வைத்துவிட்டேன். ஏன் சரி என்றேன்?

மார்ச் 5, புதன்

கோபம் இன்றுதான் வந்து சேர்ந்தது. நேற்று வழி தெரியாமல் எங்கோ நின்றிருக்கும்போல.

என் வண்டி. என்னை ஒரு வார்த்தை கேக்கல. செத்தவங்க சாமானைத்தான் இப்படி விப்பாங்க.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு என்றால் தம்பியும் நானும் காட்டுப் பாதையில் சைக்கிளில் மலைமேல் ரேடியோ கோபுரம் வரை போய்விட்டு இறங்குவோம். மண் பாதை. மழையில் சேறு, வெயிலில் தூசி. மேலே போகும்போது அவன் முன்னால், இறங்கும்போது நான் முன்னால். பல வருஷப் பழக்கம். இன்று காலை விழிப்பு மட்டும் பழைய நேரத்துக்கே வந்துவிட்டது. என்ன செய்வது, துணி துவைத்தேன்.

தம்பி கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் நன்றாகச் சண்டை போடலாம். எங்கள் போட்டோ பிரேம் கடையில் பெரிய கண்ணாடிப் பலகையை மேசைமேல் திருப்பும்போது அது உடைந்து என் மணிக்கட்டில் இறங்கியது. அப்போது பக்கத்தில் இருந்தவன் அவன்தான். தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, ஆஸ்பத்திரி வாசல் வரை என் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். வேனை ஓட்டியது இவர், என் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து தம்பி என் இடது கையைப் பார்ப்பதே இல்லை. என்னிடம் பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசுகிறான்.

மார்ச் 13, வியாழன்

எங்கள் பிரேம் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் பழைய புகைப்படம் கொண்டுவந்தார். சரிவான மண் பாதையில் நாலைந்து இளைஞர்கள். ஆளுக்கொரு கனத்த சைக்கிள். தடித்த டயர், வில்போல வளைந்த மேல்குழாய், மாட்டுக்கொம்பு மாதிரி அகன்ற ஹேண்டில்பார். எல்லார் முகத்திலும் சேறு, எல்லார் வாயிலும் சிரிப்பு. இடது ஓரத்தில் நிற்பவர் வாடிக்கையாளருடைய அப்பாவாம்.

பின்னணி அட்டையை அளந்துகொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு வண்டியின் ஹேண்டில்பாரில் பிரேக் பிடியே இல்லை. வலது பக்கம் இல்லை, இடது பக்கமும் இல்லை. வழவழ என்று வெறும் கம்பி.

"இதுல எப்படி நிக்கிறது?" என்று கேட்டேன்.

"மரத்துல மோதித்தான்," என்றார் இவர், பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

வாடிக்கையாளர் சிரித்தார். "அது கால் பிரேக்குங்க. பெடலைப் பின்பக்கமா மிதிச்சா பின்சக்கரம் நின்னுடும். எல்லாம் சக்கரத்து நடுவுல ஹப்புக்குள்ள இருக்கு. இப்பவும் கிடைக்குது."

கால் ரெண்டும் எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது?

மார்ச் 15, சனி

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒருவர் பழைய சைக்கிள்களைப் புதுப்பித்துத் தருகிறார். இவரும் நானும் போனோம். கடைக்குள் கண் கூசுகிறது. மட்கார்டு, மணி, ரிம், ஸ்டாண்டு, டீ தம்ளர் வைக்கும் தட்டு வரை குரோம் பூச்சு. வெளியே வருவதற்குள் இவர் அவருக்கு 'குரோம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"பழைய மாடல்தானே மேடம்? அசத்திடலாம். வெள்ளை வளையம் போட்ட டயர், ரெண்டு பக்கமும் ஜாலர், முன்னாடி கண்ணாடிமாதிரி ஹெட்லைட்டு…"

"இதை ஓட்டிக்கிட்டு நான் மலையிலிருந்து இறங்கணும்."

"இறங்கறதா?" என் கையைப் பார்த்தார். அவராவது பார்த்தார். "இது ஊர்வலம் போற வண்டி மேடம்."

"அப்படி இல்லாம ஒண்ணு செய்யலாம். எது வேணும்னு நான் சொல்றேன், ஒவ்வொண்ணா."

காதைச் சொறிந்துகொண்டார். முடியாது என்று சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

குரோம் ஒரு பழைய ஃபிரேமைத் தேடி எடுத்து வைத்திருந்தார். நீண்ட உடம்பு, இரட்டை வளைவு, ஆளைத் தூக்கிச் சாப்பிடும் கனம். பார்த்ததும் மனசு அதோடு போய்விட்டது. ஆனால் முன்பக்கம், ஹேண்டில் இறங்கும் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் மூலையில் பெயின்ட் லேசாகப் பொரிந்திருந்தது. காலமெல்லாம் மூலைகளைப் பார்த்தே பிழைப்பவள் நான். பிரேம் உடைவதென்றால் மூலையில்தான் உடையும்.

"துரு மேடம்."

"சுரண்டிப் பாருங்க."

சுரண்டினார். நான் விடவில்லை. கடைசியில் அவரே மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். வெள்ளைமேல் மயிரிழைபோல ஓர் ஈரக்கோடு மெல்ல எழும்பி வந்தது. விரிசல்.

"வெல்டு வச்சு பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது," என்றார்.

"எனக்குத் தெரியுமே."

முகம் வாடிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். அந்த வளைவை விட்டுவிட்டு வர மனமில்லை. பிறகு அவரே சொன்னார் – தனக்குத் தெரிந்த வெல்டரிடம் கொடுத்து, இதே அளவில், இதே வளைவில் புதுக் குழாயில் அடித்து வாங்கலாம் என்று. நாளாகும். ஆகட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

ஹேண்டில்பார்.

இடது கையால் பிடிக்க முடியாது, ஆனால் சாய முடியும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் உணர்ச்சி இருக்கிறது, பலமும் இருக்கிறது. அப்படியானால் கம்பி கைக்கு வர வேண்டும், கை கம்பிக்குப் போகக் கூடாது. எவ்வளவு பின்னால் வளைய வேண்டும்? குரோம் காட்டிய நாலு மாடலில் ஒன்றும் சரிப்படவில்லை.

இவர் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் ஸ்டூலில் சைக்கிளில் உட்காருவதுபோல உட்கார, இவர் கெட்டிலில் இருந்து கொதிநீரை ஊற்றி ஊற்றிக் குழாயை வளைத்தார். சமையலறை முழுக்க ஆவி. "இன்னும் கொஞ்சம் உள்ள… போதும்… ஐயோ, அதிகமாயிடுச்சு." மூன்று குழாய் பாழ். நாலாவதில் மணிக்கட்டு தானாகப் போய் உட்கார்ந்தது. எங்கும் இழுக்கவில்லை.

"மாட்டுக்கொம்பு இல்ல இது, எருமைக்கொம்பு," என்றார் இவர்.

இருக்கட்டும். எருமை யாருக்கும் வழி விடாது.

மார்ச் 29, சனி

இவர் தம்பியிடம் புது வண்டியைப் பற்றி உளறியிருக்கிறார். அவன் போன் செய்தான். வாழ்த்த இல்லை.

"கால் பிரேக்கு எதுல வேலை செய்யுது? செயின்ல. இறங்கும்போது செயின் அறுந்தா என்ன பண்ணுவ?"

போனை வைத்துவிட்டேன். இன்று முழுக்க எரிச்சல். அவன் சொன்னது தப்பு என்பதால் வந்த எரிச்சல் இல்லை, சரி என்பதால் வந்தது.

சாயங்காலம் குரோமிடம் போய்ச் சொன்னேன்: முன்சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், வலது கையில் ஒரே ஒரு பிடி. அவர் ரிம்மைக் கவ்வும் பளபள பிரேக்கை எடுத்து நீட்டினார். சேற்றில் அது வழுக்கும். பழைய மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல ஹப்புக்குள் மூடியிருக்கும் டிரம் பிரேக்தான் வேண்டும் என்றேன்.

"குண்டா இருக்கும் மேடம், அசிங்கமா."

"நானும் குண்டாத்தான் இருக்கேன்."

எழுதிக்கொண்டார்.

தம்பியிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

டயர் கறுப்பு. பட்டை பட்டையாகப் பல் வைத்தது. வெள்ளை வளையத்துக்காகக் குரோம் ஒரு மணி நேரம் மன்றாடினார். பெயின்ட் அவர் இஷ்டம் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஏப்ரல் 12, சனி

வெல்டரிடமிருந்து ஃபிரேம் வந்துவிட்டது. பெயின்ட் இல்லாமல், சாம்பல் நிறத்தில், ஒவ்வொரு மூட்டிலும் சில்லறையைச் சரித்து அடுக்கியதுபோல வெல்டு. மூலைகளை வலது விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு, யாரும் பார்க்காதபோது, இடது விரலாலும். சுண்டு விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

கியர் வேண்டாம். முன்னே சின்னப் பல்சக்கரம், பின்னே பெரியது. ஏற்றத்தில் மெதுவாகப் போகும், செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுகிறேன். பெடல் முரட்டுப் பல் வைத்ததாக வேண்டும் என்றேன். இதில் கால்தான் பிரேக். பாதம் நழுவினால் கதை முடிந்தது. "முழங்காலுக்குக் கீழ கடிச்சு வச்சிடும் மேடம்," என்றார் குரோம். கடிக்கட்டும்.

ஏப்ரல் 26, சனி

வந்துவிட்டது.

குரோமின் இஷ்டம் என்ன நிறம் என்று பயந்துகொண்டே போனேன். அடர்ந்த பச்சை, மேல்குழாயில் மட்டும் மெல்லிய பால்நிறக் கோடு. ஜாலர் இல்லை. ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. ஹேண்டிலில் மட்டும் குரோம் பூச்சு – "அதையாவது விடுங்க மேடம்" என்றார், விட்டேன். நிஜமாகவே அழகாக இருந்தது. அவரிடம் சொன்னபோது மீசைக்குள் சிரித்தார்.

தெருவில் இரண்டு சுற்று. பின்னால் மிதித்தேன். நின்றது! கையில் ஒன்றுமே செய்யாமல், நின்றது.

ஏப்ரல் 27, ஞாயிறு

விழுந்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சரிவு. பெரிய இடம்கூட இல்லை. திரும்பும்போது பழைய பழக்கத்தில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக் காலைச் சரிசெய்யப் போனேன். இந்த வண்டியில் அது பிரேக். பின்சக்கரம் இறுகிக்கொண்டது, வண்டி குலுங்கியது, இடது கை ரப்பர் கைப்பிடியிலிருந்து நழுவியது. வலது முழங்கை சிராய்ப்பு. முட்டிக்குக் கீழே பெடல் பல் கடித்த வரிசை. இவர் ஓடிவந்து முதலில் வண்டியைத் தூக்கினார், பிறகு என்னை. கேட்டால், வண்டி என்மேல் கிடந்ததாம்.

தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சொல்ல மாட்டேன் என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

சொல்லிவிட்டார். தம்பி கடைக்கே வந்தான்.

"ஒரு கைய வச்சுக்கிட்டு மலையில இறங்கணும்னு என்ன தலையெழுத்து உனக்கு?"

"ஒன்றரைக் கை."

"விளையாடாத. மாமா, நீங்களாவது சொல்லுங்க." இவர் பில் புத்தகத்தில் ரொம்ப அவசரமாக எதையோ தேடினார்.

"செயின் அறுந்தா நிக்க முன்சக்கரத்துல டிரம் பிரேக் போட்டிருக்கேன்டா," என்றேன். சொல்ல மாட்டேன் என்று நினைத்ததைச் சொல்லியாகிவிட்டது.

"பிரேக் பத்தி யாரு பேசினா?" சுவரைப் பார்த்தே பேசினான். குரல் மட்டும் என்னவோபோல ஆகிவிட்டது. "வேன்ல நீ என் மடியில கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு. கண்ணு சொருகிப்போச்சு உனக்கு. நான் பிடிச்ச பிடிய ஒரு நொடி விட்டிருந்தா நீ இல்ல. அதுக்கப்புறம் நானும் சைக்கிளத் தொடல, தெரியுமா?"

தெரியாது. அவன் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

"அன்னிக்கு நீ பிடிச்ச பிடியிலதான் நான் இருக்கேன்," என்றேன். "அதுக்காக ஆயுசுக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்க முடியாதுடா. இந்தக் கையப் பாரு. ஒரு தடவை பாரு."

பார்க்கவில்லை. டீ வந்தது, குடிக்காமலே போனான்.

சொல்லியிருக்க வேண்டாமோ? இல்ல, சொல்லணும். பின்ன எப்பச் சொல்றது? பயம் அவனுக்கு, வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறது நானா? ஆனா அவன் குரல் – அந்தக் குரல் காதை விட்டுப் போகவே மாட்டேங்குது.

ஏப்ரல் 30, புதன்

முழங்கை எரிகிறது. விற்றுவிடலாமா என்று நினைக்கவில்லை. நினைக்கிறேனா என்று பார்த்தேன், இல்லை.

மே 4, ஞாயிறு

விழுந்ததில் தெரிந்தது இரண்டு விஷயம். ஒன்று, என் கால் பழையதை மறக்க வேண்டும். அதற்குப் பழக்கம்தான் மருந்து. தினமும் கடை திறக்கும் முன் தொட்டிச் சரிவில் இறங்கி ஏறுகிறேன். பெடலை முன்பக்கம் மட்டுமே சுற்ற வேண்டும். கால் இன்னும் முனகுகிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

இரண்டாவது, இடது கைப்பிடி. கடையில் விற்கும் எதுவும் உதவாது. எல்லாம் மூடிப் பிடிக்கிற கைக்காகச் செய்தவை. என் கை மூடாது. கையைப் பட்டை வைத்துக் கட்டிவிடலாம் என்றார் குரோம். கூடாது. விழுந்தால் கை வெளியே வர வேண்டும், வண்டியோடு சேர்ந்து போகக் கூடாது.

பிரேம் அடிக்கும் மரத்தில் ஒரு துண்டு எடுத்தேன். நீளவாக்கில் துளை போட்டு, பட்டறைப் பிடியில் இறுக்கி, அரத்தால் ராவினேன். மேலே அகலமாக, உள்ளங்கை படுக்கும்படி. வெளி ஓரத்தில் ஒரு சின்ன மேடு, கை வழுக்கிப் போகாமலிருக்க. விரல்கள் இரண்டும் மடங்கியபடியே தங்க ஒரு பள்ளம். முதலாவது பிளந்துவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. தோல் சுற்றித் தைத்தேன். ஒன்றரைக் கையால் தைப்பது சைக்கிள் ஓட்டுவதைவிடக் கஷ்டம்.

குரோம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குக் குரோம் அடிக்க முடியாதே," என்றார், நிஜமான வருத்தத்தோடு.

மே 11, ஞாயிறு

மேலே வரை தள்ளிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் போனேன். இறங்கும்போது பாதி தூரம் நடந்தே வந்தேன். பயம். எழுதி வைக்கிறேன், பயம்தான்.

மே 18, ஞாயிறு

இன்று முழுவதும் இறங்கினேன்.

இவர் கீழே, காட்டுப் பாதை முடியும் இடத்தில் வேனை நிறுத்திக்கொண்டு காத்திருப்பதாக ஏற்பாடு. கோபுரத்தடியில் தனியாக நின்றேன். வழக்கமாகத் தம்பி இந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு ஏதாவது கேலி பேசுவான். இன்று காற்றுதான் பேசியது. கையை மரப்பிடியில் வைத்தேன். உட்கார்ந்துகொண்டது. சரி, போ.

முதல் நீண்ட சரிவில் டயர் எல்லாக் குலுக்கலையும் விழுங்கிவிட்டது. காற்றைக் குறைத்து வைக்கச் சொன்னது குரோம்தான், நன்றி சொல்ல வேண்டும். இரண்டாவது வளைவில் கல். பழைய வண்டியாக இருந்தால் ஒதுங்கியிருப்பேன். இது ஏறிப் போய்விட்டது. மூன்றாவது வளைவு எப்போதும் மோசம், உள்பக்கம் மண் அரித்திருக்கும். காலைப் பின்னுக்கு அழுத்தினேன், பின்சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு வழுக்கியது, வலது விரலால் முன்பிரேக்கை ஒரு தொடு. வழுக்கட்டும் என்று விட்டேன். தானே நேராயிற்று. வாய்விட்டுக் கத்தினேன். என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு கருகல் வாசனை. ஹப்புக்குள் கிரீஸ் கொதிக்கிறது. இன்னும் கொஞ்சதூரம்தானே என்றது மனசு. இறங்கி, வண்டியை நிழலில் சாய்த்துவிட்டு, ஹப்பு தொட்டால் சுடாத வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நின்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிற்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன்.

கீழே வந்தபோது என்னை வரவேற்க யாரும் இல்லை. வேனில் இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

"வந்துட்டியா?" என்று முழு உடம்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூங்கிய கண் அவ்வளவு ஈரமாக இருக்காது.

மே 19, திங்கள்

தொடை, முதுகு, கழுத்து – எல்லாம் வலி. இடது கை மட்டும் சும்மா இருக்கிறது.

மே 25, ஞாயிறு

மறுபடியும் போனேன். தம்பி போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அப்பாவின் பிடிவாதம்.

ஜூன் 7, சனி

இரண்டு மூன்று முறை இறங்கினால் ஹப்பைப் பிரித்துக் கருகிய கிரீஸை வழித்துப் புதிது வைக்க வேண்டும். கடைக்குப் பின்னால் சக்கரத்தைக் கழற்றி மேசைமேல் போட்டிருந்தேன். ஒரு பக்கம் அச்சை அசையாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திருக வேண்டும். இடது கைக்கு அது ஆகாது. இவர் ஒரு வீட்டுக்குக் கண்ணாடி மாட்டப் போயிருந்தார். திணறிக்கொண்டிருந்தபோது வாசலில் தம்பி.

எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. உள்ளே வந்து எதிர்ப்பக்க ஸ்பேனரைப் பிடித்தான். நான் திருகினேன். நட்டு கழன்றது. உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தோம். துடைத்தான். பேரிங் குண்டுகளை எடுத்துக் கொடுக்கும்போது என் இடது கை அவன் மூக்குக்கு நேராக இருந்தது. தழும்பு, மடங்கிய விரல், எல்லாம்.

பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"வலிக்குமா அக்கா?"

இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான்.

"குளிர்ல மட்டும்."

தலையாட்டினான். புது கிரீஸை விரலால் எடுத்து ஹப்புக்குள் தடவினான். ரொம்ப நேரம் தடவினான். பிறகு கேட்டான்:

"அந்த மூணாவது வளைவு… மண்ணு அரிச்சுக் கிடக்குமே. அதுல எப்படி இறங்கின?"

சொன்னேன். சக்கரம் வழுக்கியது, வழுக்கட்டும் என்று விட்டது, முன்பிரேக்கை ஒரே ஒரு தொடு தொட்டது. மேசைமேல் ஸ்பேனரை வளைவாக வைத்து, கிரீஸ் டப்பாவைக் கல்லாக வைத்துக் காட்டினேன். "உள்பக்கம் போனியா, வெளிப்பக்கமா?" என்று குறுக்கே கேட்டான். வெளிப்பக்கம் என்றேன். "அதான் தப்பு," என்றான். அரை மணி நேரம் அதற்கே சண்டை போட்டோம். டீ வந்தது, இரண்டு பேரும் குடித்தோம்.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போயேன்டா என்றேன். இல்லக்கா, என் சைக்கிள் பரண்மேல கிடக்கு, இறக்கித் துடைச்சுக் காத்தடிக்கணும், இருட்டறதுக்குள்ள பார்க்கணும் என்று கிளம்பிவிட்டான்.

நாளை ஞாயிறு.